தப்பு விலாசம்

காரைக்குடிப் பக்கம் 'விலாசம்' என்றால் தபால்காரர் தேடும் முகவரி மட்டுமில்லை. நகரத்தார் பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கிற எழுத்துகளும் விலாசம்தான். ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் எந்த வீட்டார் என்பதை அந்த எழுத்துகளே சொல்லிவிடும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, விலாசம் தப்பிப்போன ஓர் ஈயைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டாங்கட்டில் தொங்கும் வாழைத்தார் கனிந்து கறுத்தால் பொடி ஈக்கள் மொய்க்கும். கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தலையிலிருந்து முதுகு நெடுக வெள்ளிக் கோடு ஓடினால் அது சேப்ரியோனஸ் இண்டியானஸ். 1970இல் குப்தா என்ற ஆய்வாளர், இந்தியாவில் பிடித்த ஈக்களை வைத்து இதை விவரித்து, பிடிபட்ட நாட்டையே பெயராக்கினார். ஆனால் இதன் நெருங்கிய பங்காளிகள் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். இதுவும் அங்கே பிறந்து இங்கே வந்து குடியேறியதுதான்.

பிறகு கடல் தாண்டியது. 1999இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் தென்பட்டது. 2005இல் அமெரிக்காவின் புளோரிடாவில். நம்மூரில் அழுகலைத் தேடிப் போகிற இந்த ஈ, பிரேசிலில் மரத்தில் பழுக்கும் அத்தியின் வாயருகே முட்டையிட்டு விளைச்சலைக் கெடுத்தது. இடம் மாறினால் தொழிலும் மாறிவிடுகிறது. அங்கே வைத்த பெயர் அத்தி ஈ. ஆங்கிலத்தில் ஆப்பிரிக்க அத்தி ஈ. லத்தீன் பெயரோ இந்தியாவைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உயிரினப் பெயரிடலில் முறையாக முதலில் வெளியான பெயருக்கே உரிமை. பொருள் பொருந்தவில்லை என்று யாரும் மாற்ற முடியாது.

செட்டிநாட்டுக் கவுனி அரிசியின் கதை இதற்கு நேரெதிர். பர்மாவிலிருந்து வந்த அரிசி. அங்கே ஒட்டரிசியைச் சொல்லும் 'கௌக்ஞின்' தான் கவுனியாயிற்று என்பார்கள். ஊர் மாறியும் அரிசி தன் பெயரைக் கொண்டுவந்தது. ஈக்கு நாம் நம் பெயரைக் கொடுத்துவிட்டோம்.

இன்னோர் ஈயின் கதை இதைவிட வேடிக்கை. 2003இல் கென்யாவில் மாம்பழங்களைத் துளைக்கும் ஓர் ஈ தென்பட்டது. 2005இல் அதற்கு 'பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்வேடன்ஸ் என்றால் படையெடுத்து வருவது. வந்த வழியைத் தேடியவர்கள் இலங்கையில் அதையே கண்டார்கள். கடைசியில் 2015இல், இது 1912லேயே ஹெண்டல் என்ற ஆய்வாளர் தைவானிலிருந்து விவரித்த பாக்ட்ரோசெரா டார்சாலிஸ்தான் என்று முடிவாயிற்று. நம் மாந்தோப்புகளின் பழைய எதிரி! படையெடுப்பாளன் பட்டம் பறிபோனது. டார்சாலிஸ் என்ற சொல் முதுகைக் குறிப்பது, எந்த ஊரையும் சொல்லாது. அதனால் வம்பும் இல்லை.

தமிழிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. வாழைத்தாரில் மொய்ப்பதையும் 'பழ ஈ' என்கிறோம். நல்ல கொய்யாவின் தோலைத் துளைத்து முட்டையிட்டு, கடித்தால் புழு நெளியச் செய்வதையும் 'பழ ஈ' என்கிறோம். இரண்டும் வெவ்வேறு குடும்பம். முதல் வகைக்குப் புளித்த சாறும் ஈஸ்டும் வேண்டும். பின்னதற்குக் கெடாத பழமே வேண்டும். முதல் குடும்பத்தின் டிரோசோஃபிலாவுக்கு 1823இல் ஃபாலன் என்ற ஆய்வாளர் வைத்த பெயர், கிரேக்கத்தில் பனித்துளியை விரும்புவது என்று பொருள்படும். பழம் என்ற பேச்சே அதில் கிடையாது. பள்ளிப் பாடநூலில் அதைப் பழப்பூச்சி என்றும் எழுதுகிறார்கள். நல்ல ஏற்பாடு. மொய்ப்பது பழப்பூச்சி, துளைப்பது பழ ஈ என்று வேளாண்மைத் துண்டறிக்கை எழுதுகிறவர்களும் பிரித்துக்கொள்ளலாம். துளைப்பதன் ஆண் ஈக்களுக்குத்தான் மாந்தோப்பில் மீத்தைல் யூஜினால் பொறி கட்டுகிறார்கள். அதை வாங்கிவந்து அடுக்களை வாழைத்தாருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் ஒரு பொடி ஈகூட விழாது.