உறைபனியும் பாறையும்: ஓர் அளவீட்டு வரலாறு

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகின்றது. வெடிப்பில் தேங்கிய நீர் இரவில் உறைந்து ஆப்பினைப்போலப் பாறையைப் பிளக்கின்றது, பகலில் உருகுகின்றது, மீண்டும் உறைகின்றது. குளிர்ப் பிரதேசங்களின் வானிலையாலழிதல் பற்றிப் பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகத் தந்துவந்த விளக்கம் இதுவேயாகும். மலையடிவாரங்களிற் குவிந்து கிடக்கும் கூரிய கற்களே இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. விளைவைக் கண்டு காரணத்தை ஊகித்தனரேயன்றி, எவ்வளவு கல் எவ்வளவு காலத்தில் உடைகின்றது என்று அளந்து பார்த்தவர் மிகச் சிலரே.

அவ்வாறு அளக்கத் துணிந்தவருள் முதன்மையானவர் சுவீடன் நாட்டுப் புவியியலாளர் அந்தர்ஸ் ராப் ஆவார். அந்நாட்டின் வடகோடியில், வட அகலக்கோடு 68 பாகையளவில், கார்க்கேவாக்கே என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. வாக்கே என்பது சாமி மொழியிற் பள்ளத்தாக்கையே குறிக்கும். ஏறத்தாழ 15 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இவ்விடத்தை 1952 முதல் 1960 வரை அவர் இடையறாது ஆராய்ந்தார். அவர் கையாண்ட முறைகள் வியக்கத்தக்க எளிமை வாய்ந்தவை. பழைய பனிமீது புதிதாக வீழ்ந்த கற்களைக் கணக்கெடுத்தார். கற்குவியற் சரிவுகளுக்குக் குறுக்கே நிறக்கோடுகள் தீட்டி, அவை எவ்வளவு நகர்ந்தன என நோக்கினார். ஓடைநீரிற் கரைந்து செல்லும் உப்புக்களின் அளவையும் கணித்தார். வெவ்வேறு செயன்முறைகளை ஒரே தராசில் நிறுத்தும் பொருட்டு, பெயர்ந்த பொருளின் நிறையை அது இறங்கிய உயரத்தாற் பெருக்கித் 'தொன் - மீற்றர்' என்னும் அலகில் யாவற்றையும் தந்தமையே அவரது தனிச் சிறப்பு எனலாம்.

1960இல் வெளிவந்த முடிவு எதிர்பாராததாயிருந்தது. பாறை வீழ்ச்சியின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 19,600 தொன் - மீற்றர், பனிச்சரிவுகளினது 21,800, மண்சரிவுகளினதும் சேற்றோட்டங்களினதும் 96,300. ஆனால் நீரிற் கரைந்து சென்ற உப்புக்களின் பங்கோ 136,500 தொன் - மீற்றராக யாவற்றையும் விஞ்சி நின்றது. குளிர்நாட்டில் இரசாயன வானிலையாலழிதல் புறக்கணிக்கத்தக்கது என்ற கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. உறைபனியின் இராச்சியமெனக் கருதப்பட்ட இடத்தில், கண்ணுக்குத் தோன்றாத கரைசலே முதலிடம் பெற்றது.

எனினும் இவ்வெண்களை அப்படியே ஏற்றல் தகாது. மண்சரிவின் பெருந்தொகை 1959 ஒற்றோபரிற் பெய்த ஒரு கடும் மழையின் விளைவாகும். அம்மழை பெய்யாதிருப்பின், அல்லது ஆய்வு ஓராண்டு முன்னரே முடிந்திருப்பின், அட்டவணையே வேறாயிருக்கும். எட்டாண்டு என்பது மனிதனுக்கு நீண்ட காலம், மலைக்கு அன்று. அன்றியும், உடைந்த கல் சரிவின் இடையிலேயே தங்கிவிட, கரைந்த உப்போ பள்ளத்தாக்கை விட்டே நீங்குவதால், உயரத்தாற் பெருக்கும் முறை பின்னதற்குச் சாதகமானது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

உறைபனியின் செயல் பற்றிய விளக்கமும் இதற்கிடையில் வினாவுக்குள்ளாயிற்று. அமெரிக்கரான ஸ்ரீபன் ரேபர் 1930இல் வெளியிட்ட பரிசோதனை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. உறையும்போது சுருங்கும் இயல்புடைய பென்சீனை அவர் மண்ணில் ஊற்றி உறையச் செய்தார். அப்போதும் மண் மேலெழுந்தது. ஆகவே எழுச்சிக்குக் காரணம் விரிவன்று, உறையும் இடத்தை நோக்கித் திரவம் ஈர்க்கப்பட்டுத் திரள்வதே என்பது தெளிவாயிற்று. இக்கருத்தைப் பாறைக்குப் பொருத்திய வோல்டர், ஹலே ஆகிய இருவரும் 1985இல், வெடிப்பு நன்கு வளர்வது பூச்சியத்தை ஒட்டியன்று, ஏறத்தாழ -4 முதல் -15 பாகை செல்சியசு வரையிலேயே எனக் கணித்தனர். இது மெய்யாயின், பூச்சியத்தை வெப்பநிலை எத்தனை முறை கடந்தது என எண்ணுவதாற் பயன் சிறிதே. பலர் அளந்தது அதனையே.

அளந்தவையும் பெரும்பாலும் வளியின் வெப்பநிலையேயாம். வெயில் படும் பாறை, வளி உறைநிலைக்குக் கீழ் இருக்கும்போதும் உருகுநிலைக்கு மேற் செல்லும். அந்தாட்டிக்காவில் ஆய்வு செய்த கெவின் ஹோல் பாறை மேற்பரப்பின் வெப்பநிலையை நிமிடந்தோறும் பதிவு செய்தபோது, நிமிடத்துக்கு 2 பாகைக்கு மேற்பட்ட மாற்றங்கள் வெளிப்பட்டன. வெப்பத் தகைப்பினாலே பாறை உடையக்கூடும் எனக் கருதப்படும் எல்லை அது. மணிக்கொரு முறை பதியும் கருவியில் இவை தென்படா. நீரேயின்றி உடைந்த கல்லும் உறைபனியின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கலாம்.

கார்க்கேவாக்கேக்குப் பின்னாளில் மீண்டும் சென்ற ஆய்வாளர், அங்குள்ள பாறைகளிற் பைரைற்று என்னும் இரும்புச் சல்பைட்டு இருத்தலையும், அது ஒட்சியேற்றமடைந்து சல்பூரிக்கமிலத்தைத் தருதலையும் எடுத்துக்காட்டினர். சில ஓடைகளின் கற்கள்மீது வெண்ணிறப் படிவு காணப்படுதல் இதன் தொடர்பினதே. ராப் கண்ட கரைசல் குளிர்நாட்டின் பொது இயல்பா, அப்பள்ளத்தாக்குப் பாறையின் தனி இயல்பா என்னும் வினா, அவர் கால் பதித்த அந்நிலத்திலேயே எழுந்தது.