அவனியாபுரம் ஜல்லிக்கட்டு: சிறந்த வீரர் தேர்வு

மதுரை அவனியாபுரத்தில் தை முதல் நாள் நடக்கும் ஜல்லிக்கட்டின் முடிவில், அதிகக் காளைகளைப் பிடித்தவரைச் சிறந்த மாடுபிடி வீரராகவும், பிடிபடாமல் நின்று விளையாடிய மாட்டைச் சிறந்த காளையாகவும் அறிவிப்பார்கள். மறுநாள் பாலமேட்டிலும் அதற்கடுத்த நாள் அலங்காநல்லூரிலும் இதே முறைதான். அறிவித்த கையோடு வாக்குவாதம் கிளம்புவதும் மூன்று ஊருக்கும் பொது.

அந்தக் காலத்தில் இந்தத் தகராறுக்கு இடமில்லை. கொம்பில் கட்டிய சல்லிக்காசு முடிப்பை அவிழ்த்தவனுக்கே அது சொந்தம்; அத்தோடு கணக்குத் தீர்ந்தது. சி.சு.செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ கதையிலும் நாயகன் பிச்சி எத்தனை மாடு பிடித்தான் என்பது பேச்சே இல்லை, காரி என்ற காளையைப் பிடித்தானா என்பதுதான் பேச்சு. முதல் பரிசு கார் என்று ஆனபின் எண்ணிக்கையே எல்லாம் ஆகிவிட்டது.

அந்த எண்ணிக்கை வாடிவாசலில் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். அவனியாபுரத்தில் திருப்பரங்குன்றம் சாலையில்தான் தற்காலிக வாடி அமைக்கிறார்கள். தரையில் தேங்காய் நார் பரப்பியிருக்கும். வீரர்கள் சுற்றுக்கு ஒரு நிறப் பனியனில் குழுவாக இறங்குவார்கள். ஒருவர் மட்டும் திமிலைப் பற்றி, எல்லைக்கோடு வரையோ மாடு மூன்று துள்ளல் துள்ளும் வரையோ விடாமல் இருந்தால்தான் பிடி. வாலையோ கொம்பையோ தொட்டால் பிடி இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தொங்கினால் ‘மாடு வெற்றி’ என்று மைக்கில் சொல்லிவிடுவார்கள். எல்லாம் சில நொடிகளில் முடிகிறது. புழுதிக்குள் நாலைந்து கைகள் ஒரே திமிலை நோக்கிப் பாயும்போது, கசங்கிய பனியன் முதுகில் இருக்கும் எண் 1ஆ 7ஆ என்று மேடையிலிருந்து சொல்வது லேசான காரியமல்ல. அதிகம் பிடித்தவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவதால், முதல் சுற்றில் விட்டுப்போன ஒரு பிடி மாலைவரை துரத்தும்.

எண்ணிக்கையை வைத்து ஆண்டுக்கு ஆண்டு வீரர்களை ஒப்பிடுவதும் சரிவராது. அவனியாபுரம் கார்த்திக் 2022இல் 24 காளைகளைப் பிடித்து முதலிடம் பெற்றார். 2023இல் அவர் பிடித்தது 17. ஜெய்ஹிந்த்புரம் விஜய் 28 பிடித்ததால் இரண்டாமிடம்தான் கிடைத்தது. 2024இல் அதே 17க்கு முதலிடம். எந்த மாடுகள் அவிழ்ந்தன, எத்தனை பேர் களத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் இந்த எண்ணில் தெரியாது. வாடியை விட்டு நேரே ஓடும் மாட்டைத் தொற்றிப் பிடிப்பதும் நின்று சுற்றிக் குத்தும் மாட்டைப் பிடிப்பதும் ஒன்றா? கணக்கில் இரண்டும் ஒன்றுதான். பெரிய குறை இது.

சிறந்த காளைத் தேர்வுக்கு அந்த எண்ணும் கிடையாது. கண்ணால் பார்த்து முடிவுசெய்வதுதான். ஆகவே மாட்டுக்காரர்களின் மனக்குறைக்கு முடிவும் கிடையாது.

போட்டியை யார் நடத்துவது என்பதிலேயே அவனியாபுரத்தில் ஒற்றுமை இல்லை. 2020இல் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டியிருந்தது.

தேர்வுத் தகராறுகளில் பெரியவை அலங்காநல்லூரில் நடந்தவை. 2021இல் 33ஆம் எண் பனியனை ஒருவர் அணிந்து இறங்கி, காயம்பட்டு விலகியதும் இன்னொருவர் அதையே மாட்டிக்கொண்டு ஆடினார் என்ற புகார் நீதிமன்றம் வரை போனது. 2024இல் கருப்பாயூரணி கார்த்திக் 18, பூவந்தி அபிசித்தர் 17 என்று அறிவித்தபோது, வீடியோவைப் பார்த்து எண்ண வேண்டும் என்று அபிசித்தர் முறையிட்டார். சில நாள் கழித்து, கீழக்கரையில் புதிதாகத் திறந்த அரங்கில் 10 காளைகளைப் பிடித்து அவரே முதலிடம் பெற்றார். 2025இல் மறுபடி அலங்காநல்லூரில் இறங்கி, 20 காளைகளைப் பிடித்து முதல் பரிசுக் காரை வாங்கிக்கொண்டு போனார்.