கண்ணும் கியாஸும்

ஒரு பாலகன் முன்னே இரண்டு ஆப்பிள் பழங்களை வையுங்கள். ஒன்று அழகியது, மற்றொன்று அத்துணை அழகில்லாதது. அழகியதையே அவன் கை நாடும். இரண்டையும் கண்டான், ஒப்பிட்டான், ஒன்றே மேலானதெனத் தீர்த்தான். ஆயினும், தான் ஒரு தீர்ப்பு வழங்கியதை அவன் அறியான்.

இவ்வுதாரணத்தைக் கூறியவர் இக்கால உளவியல் பேராசிரியர் அல்லர், இப்னுல் ஹைதம். கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞர், ஏழு பாகங்கள் கொண்ட ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுவதே பார்வை என்று யூக்ளிடும் தாலமியும் கருதினர். அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறதென அவர் விளக்கியதை நம்மில் பலர் அறிவோம். அதன்பின் நடப்பதென்ன என்று அந்நூலின் இரண்டாம் பாகத்தில் அவர் ஆராய்ந்ததை அறிந்தவர் சிலரே.

வெறும் புலனுணர்வுக்கு எட்டுவன ஒளியும் நிறமுமே என்றார் அவர். தூரம், பருமன், அழகு முதலியவற்றை உள்ளத்தின் பகுத்தறியும் ஆற்றலே ஒப்பிட்டும் ஊகித்தும் அறிகிறது. இவ்வூகத்தை அவர் குறித்த சொல் ‘கியாஸ்’; ஃபிக்ஹு நூல்களில் நாம் கேட்டுப் பழகிய அதே சொல்! ஓரினப் பொருள்களைப் பன்முறை காண, அவ்வினத்தின் பொது வடிவம் உள்ளத்தில் பதிகிறது. பின்னர் சில அடையாளங்களே போதும். ‘இது இன்னது’ என்று கணத்தில் முடிவு செய்கிறோம். கற்றவன் ‘அப்ஜத்’ என்னும் சொல்லை எழுத்துக் கூட்டாமல் ஒரே நோக்கில் அறிவதை இதற்குச் சான்றாக்கினார். முடிவு பிறக்கும் விரைவால், ஊகித்ததே நமக்குத் தெரிவதில்லை.

அவ்விரைவிலேயே பிழையும் ஒளிந்திருக்கிறது. ஆகவே மூன்றாம் பாகம் முழுவதையும் பார்வையின் பிழைகளுக்கே ஒதுக்கி, புலனுணர்வில் நேர்வது, அடையாளம் காண்பதில் நேர்வது, ஊகத்தில் நேர்வது என்று அவற்றை வகுத்தார்.

எட்டு நூற்றாண்டுகளுக்குப்பின், 1867-இல் நிறைவுற்ற தமது ஒளியியல் நூலில், ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்சியை ‘நாம் உணராத ஊகம்’ என்றார். 1974-இல் ட்வெர்ஸ்கி, கானமன் என்னும் இரு உளவியலாளர்கள், மனிதர் முடிவெடுக்கையில் இழைக்கும் பிழைகளை ஆராய்ந்த கட்டுரையைக் காட்சியின் உவமையோடே தொடங்கினர். தெளிவாய்த் தெரிவது அருகிலிருப்பதாய்த் தோன்றும். ஆதலால் மங்கலான வேளையில் தூரத்தை மிகையாக மதிப்பிடுவோம் என்பது அவ்வுவமை. நிகழ்தகவை மதிப்பிடும்போதும் அத்தகைய குறுக்குவழிகளையே மனம் நாடுகிறது என்று அவர்கள் காட்டினர். இவ்வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிக்காகக் கானமன் 2002-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

தாலமியின் மீதான ஐயங்களைத் தொகுத்த நூலில் இப்னுல் ஹைதம் ஓர் அறிவுரையும் வைத்தார்: உண்மையை நாடுபவன் முன்னோர் நூல்களை ஐயுறுவதோடு நில்லாமல், தன்னையும் ஐயுறவேண்டும்.

‘என் கண்ணால் கண்டேன்’ என்று ஒரு மனிதரைப் பற்றி நாம் தீர்ப்பளிக்கும் போதெல்லாம், அதில் கண்டது எவ்வளவு, கியாஸ் செய்தது எவ்வளவு என்று ஒரு கணம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக. ஆப்பிளை எடுத்த பாலகனுக்குத் தான் தீர்ப்பளித்தது தெரியாது, நமக்குத் தெரியவேண்டும்.