கூத்தும் பாத்திரமும்: ஈழத்து இசைநாடக வரலாற்றில் ஒரு நோக்கு

மாதவி அரங்கேறுமுன் அவளை உருவாக்கிய ஆசிரியர் அறுவரின் இலக்கணத்தை இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் வகுத்துக் காட்டுகின்றார். ஆடலாசான், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என அவர்கள் அமைவர். ஒருத்தி மேடையிற் கால் வைப்பதற்கு முன் அறுவரது அறிவு அவளிடத்து ஒன்றுசேர வேண்டும் என்பது அக்காலத்தார் கருத்து. ஈழத்துக் கிராமங்களில் இவ்வறுவர் தொழிலிற் பெரும்பகுதியை ஒருவரே தாங்கினார். அவரே அண்ணாவியார். மத்தளம் அவர் கையில், பாட்டு அவர் நாவில், ஆட்டம் அவர் நினைவில் இருந்தன.

இசையால் நடக்கும் நாடகத்திற் பாத்திரத்தை வளர்ப்பது எளிதன்று. உரையாடல் நாடகத்தில் ஒரு சொல்லுக்கு மறுசொல் வந்தவுடன் கதை நகர்கின்றது. பேசுவோர் மனமும் உடன் நகர்கின்றது. பாட்டுத் தொடங்கியதும் கதை நின்றுவிடுகின்றது. ஒரே உணர்ச்சி பல அடிகளில் விரிந்து நிற்கின்றது. இவ்வாறு நின்று பாடும் ஒருவன் எவ்வாறு மாறுவான்? நாடகத் தொடக்கத்தில் வந்தவனே இறுதியிலும் நிற்பானாயின் அவனைப் பாத்திரம் என்பதினும் படிமம் என்பதே பொருந்தும். இவ்வினாவிற்கு ஈழத்துத் தமிழரங்கு காலந்தோறும் அளித்த விடைகளை ஆராய்வது பயனுடையதாகும்.

மட்டக்களப்புப் பகுதியிற் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் இதிகாசப் போர்க்கதைகளைக் கொண்டது. ஆட்டத்தில் விறுவிறுப்பு மிக்கது. அரச வேடத்தார் அகன்று விரிந்த கரப்புடுப்பு அணிந்து ஆடுவர். தென்மோடியில் உடுப்பு நொய்தாகவும் பாட்டு நுணுக்கமாகவும் அமையும். இருவகையிலும் பாத்திரம் முதலில் அறிமுகமாவது தாளத்தினாலேயே. அரசனுக்கொரு தாளக்கட்டு, அமைச்சனுக்கொன்று, அரசிக்கொன்று, வேடனுக்கொன்று என வரவுத் தாளங்கள் வேறுபடும். மத்தளம் ஒலித்த மாத்திரத்தே வருபவர் யாவர் என்பதை அவையோர் உணர்ந்துகொள்வர். பின்னர் ஆடுபவர் தம் வரவைப் பாடித் தம்மைத் தாமே அறிமுகஞ் செய்வார்.

இவ்வமைப்பிற்குக் காரணம் களரியே. வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் மக்கள் இருப்பர். ஆடுபவருக்கு முன்புறம் என ஒன்றில்லை. இராக்காலத்து ஒளியிற் கண்ணசைவும் இதழ்நடுக்கமும் தொலைவில் இருப்போருக்குத் தெரியமாட்டா. ஆகவே பாத்திரத்தின் குணம் காலடியிலும் முடியிலும் குரலிலும் பெரிதாக எழுதப்படல் வேண்டும். பிற்பாட்டுக்காரர் அடிகளை மீண்டும் பாடுவதனால் ஒரு பக்கத்தார் தவறவிட்ட சொல்லை மறுபாட்டிற் கேட்டுக்கொள்வர். வேடத்தை வகைப்படுத்திக் காட்டுவதைக் கூத்தின் குறை என்று சிலர் கூறியதுண்டு. உண்மையில் அது களரியின் இயல்புக்கேற்ற அறிவார்ந்த முறையாகும்.

வேடத்தை ஒருவருக்கு உரியதாக்கும் முறையும் நெடியது. குரலும் உடலமைப்பும் நோக்கி ஆளைத் தெரிந்து, அவரவர்க்குரிய பாடல்களை வழங்குவது சட்டங் கொடுத்தல் எனப்படும். பின்னர் மாதக்கணக்கிற் பயிற்சி நிகழும். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்னும் படிகளைக் கடந்த பின்னரே அரங்கேற்றம். உழவுத் தொழிலுக்கிடையே இரவுதோறும் ஒரே பாத்திரத்தின் பாட்டையும் மிதியையும் பயின்றவருக்கு அது மனப்பாடத்தின் எல்லையைக் கடந்து உடலின் வழக்கமாகிவிடும். ஊரில் அவரை அவர் ஆடிய வேடத்தின் பெயராலேயே அழைக்கும் வழக்கமும் இதனால் எழுந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் தமிழகத்து நாடகக் குழுவினர் யாழ்ப்பாணத்திற்கு வந்து கொட்டகை அமைத்து ஆடினர். அவர்தம் நாடகம் ஈண்டுக் கொட்டகைக்கூத்து என்று பெயர் பெற்றது. நாற்புறமும் இருந்த அவையோர் ஒருபுறத்தாராயினர், திரைச்சீலை வந்தது, ஆட்டம் குறைந்து, இராகம் மேலோங்கியது. இம்மரபிற்கு வரம்பு செய்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). எமன், சனீசுவரன் முதலிய வேடங்களில் நடித்துப் பின்னர் ஆசிரியராகிய அவர், 1918 ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பயிற்றினார். அவர் நாடகங்களிற் பாடல்கள் வரையறைப்பட்டவை; ஆயினும் வள்ளி திருமணத்தில் வள்ளியும் வேடனும் நிகழ்த்தும் தர்க்கம் போன்ற இடங்களில் நடிகர் தம் புலமைக்கேற்ப அரங்கிலேயே சொல்லாடுவர். ஆதலின் ஒரே வள்ளி இரவுக்கிரவு வேறுபட்டாள். பாத்திரத்தின் ஒரு பகுதியை ஆசிரியரும், மற்றொரு பகுதியை நடிகரும் படைத்தனர்.

இதன் உச்சத்தை ஈழத்திற் காட்டியவர் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அவரது வசந்த கான சபா ஊரூராக ஆடிய அரிச்சந்திர மயான காண்டம் எண்ணிறந்த முறை மேடையேறியது. கதை யாவரும் அறிந்தது. மகனைப் பாம்பு தீண்டியது, சந்திரமதி பிணத்துடன் சுடலைக்கு வருவது, காவலனாய் நிற்கும் கணவன் கூலி கேட்பது ஆகிய எதுவும் அவையோர்க்குப் புதிதன்று. புதியது எது எனின், அறிந்துகொண்ட கணத்திற்கும் கடமையைச் சொல்லும் கணத்திற்கும் இடைப்பட்ட பாட்டிலே அம்மனிதன் படும் பாடேயாம். கதை நின்ற இடத்திற் பாட்டு மனத்தினுள் இறங்கியது. இசை பாத்திரத்தை நிறுத்திவிடும் என்ற ஐயத்திற்கு இஃது ஒரு விடை.

மற்றொரு விடை பேராதனையிற் பிறந்தது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. தமிழ்க் கூத்துடன் உறவுடைய சிங்கள நாடகம மரபை அடியாகக் கொண்டது அது. பழைய சாதகக் கதையில் இளவரசி கணவனைக் காட்டிக்கொடுத்த பாவி. சரச்சந்திரவின் நாடகத்திலோ அவள் தோற்ற வேடுவனுக்காக இரங்கிப் பேசுகின்றாள்; அவ்விரக்கத்தினால் விளைந்த தடுமாற்றத்திலேயே இளவரசன் மடிகின்றான். பழிக்கும் இரக்கத்திற்கும் நடுவே ஒரு பெண் நிறுத்தப்பட்டாள். மரபுவழிப் பாட்டும் நடையும் கைவிடப்படாமலே இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

அதே பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் (1924–1989) தமிழ்க் கூத்தை மாணவரிடம் கொண்டுவந்தார். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) என்பன அவரது தயாரிப்புக்கள். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பயிற்றினார். விடியுமளவும் நீண்ட கூத்து ஓரிரு மணிப்பொழுதிற் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. பெண் வேடங்களை மாணவியர் தாங்கினர்.

இவற்றுள் இராவணேசன் பாத்திர வளர்ச்சியிற் சிறப்பிடம் பெறுவது. அக்காலத்து மாணவராகிய சி. மௌனகுரு அதனை எழுதி, இராவணனாகவும் ஆடினார். வரவு ஆட்டத்தில் இராவணன் மரபுவழி வந்த வீரமன்னனே. ஆயினும் நாடகம் செல்லச் செல்ல உற்றாரை இழந்த தமையனும் தந்தையும் அம்முடியின் கீழிருந்து வெளிப்படுகின்றனர். மனைவி தடுப்பவும், தோல்வி கண்முன் நிற்பவும், மானமொன்றே பற்றுக்கோடாகக் களம் புகும் ஒருவனை அவையோர் காண்கின்றனர். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டப்படவில்லை. விரைந்த தாளம் தளர்வதும், தளர்ந்த தாளம் மீண்டும் விரைவதுமே மனமாற்றத்தைக் காட்டப் போதுமாயின. வகையைக் காட்டிய தாளம் வளர்ச்சியையும் காட்டவல்லது என்பது நிறுவப்பட்டது.

இம்மாற்றத்திற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. சுருங்கிய மேடையிற் பிற்பாட்டின் விரிவு குறைந்தது. சுற்றியிருந்து தம் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கண்ட ஊரவர் சீட்டுப் பெற்று எதிரே இருக்கும் பார்வையாளராயினர். கூத்தைச் செப்பனிட்டவர்கள் அதன் சமூக வாழ்வைக் குறைத்துவிட்டனர் என்று கூறுவோர் கூற்றில் உண்மை உண்டு. எனினும் கிராமத்திற்கு வெளியே கூத்து மதிப்பிழந்து நின்ற காலத்திற் கற்றோர் அவையில் அதற்கு இடந்தேடித் தந்ததும் இம்முயற்சியே என்பதை மறுத்தல் இயலாது.

பழைய வகைமுறை இதனால் வழக்கொழியவுமில்லை. 1969 ஆம் ஆண்டில் மௌனகுரு படைத்த ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்திற் சாதி, இனம், வர்க்கம், நிறம் என்னும் பேதங்களை அரக்கர்களாக மேடையேற்றியது. சாதி என்பதற்கு உள்ளத் தடுமாற்றம் வேண்டுவதில்லை. அச்சுறுத்தும் வரவுத் தாளமே வேண்டும். தனிமனிதன் துயருக்கு ஒரு வழியும், சமூகக் கொடுமைக்கு மற்றொரு வழியும் ஒரே கூத்தினுள் இருந்தன.

கல்லூரி மேடைகளிற் சில வார ஒத்திகையோடு கூத்தாட முனையும் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. கரப்புடுப்பையும் முடியையும் ஒரு நாளிற் பெறலாம். தாளம் உடலிற் குடிபுகுவதற்குக் காலம் வேண்டும். அது குடிபுகாதவரிடத்து அதன் தளர்ச்சியும் விரைவும் பொருள் தரமாட்டா. இராவணன் மனம் மாறியதை அவர் கால் சொல்லமாட்டாது. சட்டங் கொடுத்து மாதக்கணக்கிற் காத்திருந்த அண்ணாவிமார் இதனை அறிந்தே காத்திருந்தனர்.