நாளுக்கு ஒரு சிறு பங்கு

கதிர் மருத்துவம் பெறப்போகும் புற்றுநோயாளியின் வீட்டார் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நாள்தோறும் அலைய வேண்டியிருக்கிறதே, மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுத்து அனுப்பிவிடக் கூடாதா?” என்பதே அது. நியாயமான கேள்விதான். வாரத்திற்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம் வரச் சொன்னால் கூலி வேலை செய்பவர் பிழைப்பை விட வேண்டும். தாயாக இருந்தால் பிள்ளைகளுக்குச் சமைப்பது யார் என்ற கவலை. கதிர் படுவதோ சில நிமிடம். போய்வர அரை நாள். இந்த அலைச்சலுக்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டறிய அறிவியலுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிடித்தன.

தோல் செய்த தடை

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டிலேயே மருத்துவர்கள் அவற்றை நோய் தீர்க்கப் பயன்படுத்த முயன்றனர். ஆனால் அக்காலக் குழாய்கள் தந்த கதிர்களின் ஆற்றல் குறைவு. அவற்றின் பெரும்பகுதியைத் தோலும் அதை அடுத்த திசுக்களுமே உறிஞ்சிக்கொண்டன. ஆழத்திலுள்ள கட்டிக்குப் போதிய அளவு சேர வேண்டுமானால், மேலே தோல் வெந்து புண்ணாகும்.

இந்நிலையில் மருத்துவர்கள் இரு பிரிவாயினர். கட்டி தேறிவிடாதபடி ஒரே வீச்சில் பேரளவு கதிரைச் செலுத்த வேண்டும் என்றனர் ஒரு சாரார். சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றனர் மறு சாரார்.

ஆட்டுக்கடா தந்த விடை

வழக்கைத் தீர்க்க உதவியது ஓர் ஆட்டுக்கடா என்றால் வியப்பாக இருக்கும். பாரிசு நகர ரேடியம் நிலையத்தில் பணிபுரிந்த கிளாடியஸ் ரெகோ, கடாவின் விதைகளை ஆராய்ந்தார். அங்கே விந்தணுக்களைத் தோற்றுவிக்கும் உயிரணுக்கள் ஓயாது பிரிந்து பெருகுகின்றன. ஆகவே அவை புற்றுக்கட்டியை ஒத்தவை. மேலே மூடியிருக்கும் தோல் நலமான திசுவுக்கு எடுத்துக்காட்டு. ஒரே தடவையில் கதிரைச் செலுத்தி விந்தணு உற்பத்தியை நிறுத்த முயன்றபோது தோல் கடுமையாகக் கெட்டது. அதே வேலையைப் பல நாட்களில் பங்கிட்டுச் செய்தபோது உற்பத்தி நின்றது. தோல் பெரும்பாலும் தப்பியது.

ரெகோவுடன் பணியாற்றிய ஆன்ரி கூதார் இம்முறையைத் தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் கையாண்டார். குரல்வளைப் புற்று கதிரால் குணமானதை 1922-இல் பாரிசில் நடந்த மாநாட்டில் அவர்கள் எடுத்துக் காட்டினர். அதன்பின் பங்கீட்டு முறை உலகெங்கும் பரவியது.

காரணம் என்ன?

கதிரின் அளவைக் ‘கிரே’ என்னும் அலகால் குறிக்கிறோம். 1 கிலோகிராம் திசு 1 ஜூல் ஆற்றலை ஏற்பதே 1 கிரே. வழக்கமான ஒரு நாள் பங்கு 2 கிரே. இந்த ஆற்றலால் 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலை ஒரு பாகையில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கே உயரும்! ஆகவே கதிர் உயிரணுக்களைச் சுட்டுக் கொல்வதில்லை. அவற்றுள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. நலமான உயிரணுக்கள் இந்த அறுப்பைச் சில மணி நேரத்தில் பெருமளவு செப்பனிட்டுக்கொள்கின்றன. புற்று உயிரணுக்களுக்கு இத்திறன் பொதுவாகக் குறைவு. மறுநாள் அடுத்த பங்கு வருமுன் கிடைக்கும் இடைவெளி, நோயாளியின் நல்ல திசு மூச்சுவிட்டுக்கொள்ளும் நேரம்.

1951-இல் கானடாவில் கோபால்ட்டு-60 கருவிகள் சிகிச்சைக்கு வந்தன. இவற்றின் காமாக் கதிர்கள் ஆற்றல் மிக்கவை. இவற்றால் உச்ச அளவு தோலின் மேற்பரப்பில் சேராமல் சுமார் 5 மில்லிமீட்டர் ஆழத்தில் சேர்ந்தது. தோல் புண் வெகுவாகக் குறைந்தது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் நிலையத்திற்கும் அடுத்த சில ஆண்டுகளில் கோபால்ட்டுக் கருவி வந்து சேர்ந்தது.

வீட்டில் அறிய வேண்டியவை

இந்த வரலாறு நோயாளியின் அன்றாட வாழ்வுக்கு மூன்று பாடங்களைத் தருகிறது.

முதலாவது, நாள் தவறக் கூடாது. “சற்றுத் தேறிவிட்டேன்” என்றோ, “களைப்பாக இருக்கிறது” என்றோ தாமாக நிறுத்தினால், எஞ்சிய புற்று உயிரணுக்கள் மீண்டும் பெருக இடம் கிடைக்கும். வர இயலாத நாளை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, களைப்பும் கதிர் பட்ட இடத்தில் தோல் சிவத்தலும் பலருக்கு வாரங்கள் செல்லச் செல்லக் கூடும். சிகிச்சை முடிந்தபின் மெல்லக் குறையும். வாயிலும் தொண்டையிலும் கதிர் பெறுவோருக்குக் காரம் எரியும். குழைந்த சோறு, மோர், கஞ்சி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். கதிர் பட்ட தோலைத் தேய்க்கக் கூடாது. மருத்துவரைக் கேளாமல் எண்ணெயோ களிம்போ தடவக் கூடாது.

மூன்றாவது, ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் வேண்டாம். என் மாணவர்களே இதைக் கேட்டதுண்டு. விளக்கை அணைத்தபின் அறையில் ஒளி தங்குவதில்லை. அதுபோலவே வெளியிலிருந்து பாய்ந்த கதிர் நோயாளியின் உடலில் தங்குவதில்லை. அவர் தம் குழந்தையைத் தூக்கலாம். எல்லோருடனும் அமர்ந்து உண்ணலாம். கதிரியக்கப் பொருளையே உடலுக்குள் செலுத்தும் சிகிச்சை வேறு வகை. அதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

அலைச்சலைக் குறைக்கும் ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. மார்பகப் புற்றுக்கு அறுவைக்குப் பின் 5 வாரம் தந்துவந்த கதிரை 3 வாரத்தில் தரலாம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டின. தகுந்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் 5 பங்குகளாகவும் தரலாம் என்பது 2020-இல் வெளியான ஆய்வின் முடிவு. வீட்டார் கேட்ட கேள்வியை ஆய்வாளர்களும் இன்றுவரை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எந்த நோய்க்கு எத்தனை நாள் என்பதை அந்த அளவீடுகளே முடிவு செய்கின்றன. அதுவரை, குறித்த நாளில் நோயாளியைக் கொண்டு சேர்ப்பது உற்றார் செய்யக்கூடிய பேருதவியாகும்.