நாவிதரின் கூலியும் நமது அன்பளிப்பும்: வரலாறு கற்பிக்கும் ஒழுக்கம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவு. முடி திருத்தும் கடையில் நமது முறைக்காகக் காத்திருந்தோம். நமக்கு முன் அமர்ந்திருந்த இளைஞர் முடி திருத்தி முடிந்ததும் எழுந்தார்; சட்டைப்பையிலிருந்து சுருட்டிய நோட்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழிருந்த பலகையில் எறிந்தார்; "வச்சுக்கோ" என்று கூறிச் சென்றுவிட்டார். கத்தரியைப் பிடித்திருந்தவருக்கு அந்த இளைஞரின் தந்தை வயதிருக்கும். அவர் நோட்டை விரித்துப் பார்த்தார். சுவரில் எழுதியிருந்த கட்டணத்தைவிட அது குறைவு. ஒன்றும் பேசாமல் மடித்து வைத்துக்கொண்டு, அடுத்தவருக்காக நாற்காலியைத் தட்டிச் சுத்தம் செய்தார்.

கூலியும் சேரவில்லை, ஆனால் கொடுத்தவர் கொடையாளியாக எண்ணிக்கொண்டு போனார். வீடு திரும்பும் வழியெல்லாம் இக்காட்சி நம் மனத்தை உறுத்தியது. முடி திருத்துபவருக்கு எதை, எப்படிக் கொடுப்பது என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நமது மார்க்க வரலாற்றில் இதற்கு நீண்ட இடம் உண்டு.

அண்ணலாரும் அபூ தைபாவும்

உருது மொழியில் நாவிதரை 'ஹஜ்ஜாம்' என்பார்கள். அது அரபுச் சொல். இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமா வைத்தியம் செய்பவர் என்பது அதன் மூலப் பொருள். கத்தியைக் கையாளும் ஒருவரே முடி மழிப்பதும், இரத்தம் எடுப்பதும், சிறு சிகிச்சைகள் செய்வதும் பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. ஆகவே ஹஜ்ஜாமின் கூலி பற்றிய ஹதீஸ்கள் நமது பொருளுக்கு மிக நெருக்கமானவை.

அபூ தைபா (ரலி) என்பவர் மதீனாவில் அடிமையாயிருந்த ஹஜ்ஜாம். அவர் நபி (ஸல்) அவர்களுக்கு ஹிஜாமா செய்தார். அண்ணலார் அவருக்கு ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்கப் பணித்தார்கள். பேரீச்சம்பழத்தில் ஒருவருக்கான ஃபித்ராவாக அளக்கப்படும் அதே அளவு அது. அத்துடன் அவர்கள் நிறுத்தவில்லை. அபூ தைபா தம் உழைப்பிலிருந்து எஜமானர்களுக்கு நாள்தோறும் கட்ட வேண்டியிருந்த தொகையைக் குறைக்குமாறும் அவர்களிடம் பேசினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது.

இதை நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். முதலில் கூலி; அது உடனே கொடுக்கப்பட்டது. பிறகு, அந்த உழைப்பாளியின் சுமை எங்கே இருக்கிறது என்று விசாரித்து அதைக் குறைத்தது. கையில் வைத்த பேரீச்சம்பழம் சில நாள்களில் தீர்ந்துபோகும். குறைக்கப்பட்ட சுமையோ ஒவ்வொரு நாளும் அவருக்கு உதவும்.

ஹஜ்ஜாமின் சம்பாத்தியம் தாழ்ந்தது என்னும் கருத்தில் வந்த ஹதீஸும் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. அது ஹராம் என்னும் பொருளுடையதாயின் நபி (ஸல்) அவர்கள் கூலி கொடுத்திருக்கவே மாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். பெரும்பான்மை அறிஞர்களின் முடிவும் அதுவே. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இன்னும் ஒரு படி சென்று, தேவைப்படும் நேரத்தில் ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய உதவி அது என்பதாலேயே கூலி வாங்குவது விரும்பப்படவில்லை என்றார்கள். தொழிலை இழிவுபடுத்த இந்த ஹதீஸைக் கருவியாக்குவோர் இவ்விளக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

மினாவில் ஒரு கத்தி

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு (கி.பி. 632) இறுதி ஹஜ்ஜின்போது மினாவில் நபி (ஸல்) அவர்களின் தலைமுடி மழிக்கப்பட்டது. முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். அந்தத் திருமுடி அபூ தல்ஹா (ரலி) அவர்கள் வழியாக மக்களுக்குப் பங்கிடப்பட்டது. கத்தி பிடித்தவர் மஅமர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) என்று அறிவிப்புகள் கூறுகின்றன. பல்லாயிரம் தோழர்கள் கூடியிருந்த இடத்தில் அண்ணலாரின் தலையில் கை வைக்கும் பேறு அந்த ஒருவருக்கே வாய்த்தது. இத்தொழிலைத் தாழ்வென்று கருதும் மனம் இந்தக் காட்சிக்கு என்ன பதில் சொல்லும்?

இமாமுக்குப் பாடம் சொன்ன நாவிதர்

ஹஜ்ஜுக்குச் சென்ற இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பற்றி நூல்களில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. மக்காவில் நாவிதர் ஒருவரிடம் சென்ற இமாம், மழிக்க எவ்வளவு என்று கேட்டார்களாம். இராக்கிலிருந்து வருகிறீரா என்று வினவிய நாவிதர், வணக்கத்தில் பேரம் கிடையாது, அமருங்கள் என்றார். கிப்லாவை நோக்கித் திரும்பி அமரச் சொன்னார். இடப்பக்கத்தை நீட்டியபோது வலப்பக்கத்தைக் கேட்டார். மௌனமாயிருந்தபோது தக்பீர் சொல்லச் சொன்னார். புறப்பட எழுந்தபோது இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் போகச் சொன்னார். இவற்றையெல்லாம் எங்கே கற்றீர் என்று இமாம் கேட்க, அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் இவ்வாறு செய்யக் கண்டேன் என்றாராம்.

ஒரு மத்ஹபின் தலைவர் தம் மாணவர்களிடம் நாவிதரிடம் கற்ற பாடத்தை வெட்கமின்றி எடுத்துரைத்தார் என்பதே இதிலுள்ள சிறப்பு.

பேசப்படாத கூலி

கூலியை முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்வதுதான் ஃபிக்ஹின் பொது விதி. "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்று நாவிதர் கூறினால் என்ன செய்வது? ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) 'மின்ஹாஜ்' நூலில் இதனை ஒத்த கேள்வியை ஆராய்கிறார்கள். கூலி பேசாமல் தையற்காரரிடம் துணி கொடுத்து அவரும் தைத்துவிட்டால், சட்டப்படி கூலி கேட்க அவருக்கு உரிமை உண்டா? மத்ஹபின் வலுவான கருத்து இல்லை என்பது. ஆனால் கூலிக்கு வேலை செய்பவர் என்று அறியப்பட்டவராயின் அவருக்குக் கூலி உண்டு என்னும் மற்றொரு கருத்தைக் குறிப்பிட்டு, அதுவும் நல்லதாகக் கருதப்படக்கூடியது என்கிறார்கள். நாவிதர் முன்னே அமர்ந்து மழித்துக்கொண்டவரின் நிலையையும் ஃபகீஹ்கள் இதே வரிசையில் பேசுகின்றனர்.

வாய் திறந்து கேட்கக் கூச்சப்படும் உழைப்பாளி எவ்வளவு எளிதாகத் தம் உரிமையை இழந்துவிடுவார் என்பதை இது உணர்த்துகிறது. அவருடைய கூச்சத்தை நமது இலாபமாக்கிக்கொள்ளுதல் தகாது.

மறுபுறம் உழைப்பவரின் கடமையும் மறக்கப்படவில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளர்களான முஹ்தஸிப்களுக்காக ஒரு கையேடு எழுதினார். நாவிதரின் கை இலேசாயும் கத்தி கூர்மையாயும் இருக்க வேண்டும். வேலை செய்யும் நாளில் வெங்காயம், பூண்டு போன்றவற்றை உண்டு வாய் நாற்றத்தால் பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்றெல்லாம் அதில் விதித்தார்.

பக்சீஸ், இனாம், மாமூல்

அன்பளிப்பைக் குறிக்க நாம் வழங்கும் சொற்களிலும் ஒரு வரலாறு உறைந்துள்ளது. 'பக்சீஸ்' பாரசீகத்திலிருந்து வந்தது. வழங்குதல் என்பது பொருள். 'இனாம்' அரபியின் 'இன்ஆம்', அருட்கொடை. 'மாமூல்' என்பதும் அரபிதான். வழக்கமாகச் செய்யப்படுவது என்று பொருள். மனமுவந்து கொடுத்தது வழக்கமாகி, வழக்கம் கட்டாயமாகி, கடைசியில் 'மாமூல்' என்னும் சொல் தமிழில் இலஞ்சத்தையும் குறிக்கும்படி ஆனது.

மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் 'பிஹிஷ்தி ஸேவர்' நூலில் இந்தச் சரிவைக் கண்டித்தார்கள். குழந்தைக்கு முடியிறக்கும் நாளில் உறவினர்கள் கூடி நாவிதரின் கிண்ணத்தில் பணம் போடுவதும், அது வீட்டாரின் மீது திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகக் கருதப்படுவதும் அவர்கள் காலத்து வட இந்திய வழக்கம். அவர்கள் கண்டித்தது நாவிதருக்குக் கொடுப்பதையன்று. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிக் கொடுப்பதை.

ஒஸ்தா என்றொரு சொல்

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாவிதருக்கு அறுவடைக் காலத்தில் களத்து நெல்லே ஆண்டுக்கூலியாயிருந்தது. இலங்கை முஸ்லிம்களிடையே முடி மழிப்பவரும் சுன்னத் செய்பவரும் 'ஒஸ்தா' எனப்பட்டனர். கேரளத்து மாப்பிள்ளைமார் அவர்களை 'ஒஸ்ஸான்' என்றனர். 'ஒஸ்தா' என்பது 'உஸ்தாத்' என்னும் சொல்லின் திரிபு என்பர். அதாவது, மதரஸாவில் பிள்ளைகள் நம்மை அழைக்கும் அதே சொல்.

சொல் உயர்ந்ததாயிருந்தும் நடத்தை அவ்வாறில்லை. நம் பிள்ளைகளின் முதல் முடியை இறக்கியவரை, சுன்னத்தின்போது பிள்ளையைத் தேற்றியவரை, சிறுவரும் ஒருமையில் அழைத்தனர். அரிசியும் வேட்டியும் தாராளமாகக் கொடுத்தோம்; ஆனால் விருந்தில் அருகே அமர்த்தத் தயங்கினோம்; அவர் வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்தோம். மறுத்ததற்குத் தொழிலைக் காரணம் காட்டினோம்.

இங்கேதான் மற்றொரு ஹஜ்ஜாமின் நினைவு வருகிறது. அபூ ஹிந்த் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு ஹிஜாமா செய்தவர். அவருக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்று பனூ பயாளா குலத்தாரை நோக்கி அண்ணலார் கூறியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு நாவிதருக்கு ஒரு சமுதாயம் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய அன்பளிப்பு எதுவென்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

சகோதரிகள் அழகு நிலையங்களில் சந்திக்கும் பெண்களுக்கும் இதே கண்ணியம் உரியது. மிஃராஜ் இரவில் வீசிய நறுமணம் ஃபிர்அவ்னுடைய மகளுக்குத் தலைவாரிய பெண்ணுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் உரியது என்று முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சீப்புப் பிடித்த கையை அல்லாஹ் உயர்த்தினான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

முதலாவது, கூலியும் அன்பளிப்பும் வேறு வேறு. கூலி அவருடைய உரிமை. கேட்டறிந்து முழுமையாக, உடனே கொடுத்துவிட வேண்டும். வியர்வை உலருமுன் கொடுக்கும்படியன்றோ நமக்குப் போதனை! அன்பளிப்பு அதற்கு மேலானது. இயன்றவர் கொடுக்கலாம், இயலாதவர்மீது குற்றமில்லை. கூலியைக் குறைத்துப் பேசிவிட்டு அன்பளிப்பால் பெயர் வாங்குவது நேர்மையன்று.

இரண்டாவது, உழைத்தவரின் கையில் சேர்ப்பது. இன்றைய கடைகளில் முதலாளி வேறு, தொழிலாளி வேறு. அவருக்கென்று கொடுத்தது அவருக்கே உரியது. கடை நடத்துவோர் நம்மில் இருந்தால், வாடிக்கையாளர் அன்பளிப்புத் தருவார்கள் என்பதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்காதிருக்கட்டும். அபூ தைபாவின் சுமையைக் குறைத்த ஸுன்னத் முதலில் அவர்களுக்கே உரியது.

மூன்றாவது, கொடுக்கும் முறை. புண்படுத்தலைப் பின்தொடரச் செய்யும் தர்மத்தைவிட இனிய சொல் மேலானது என்று அல்பகரா அத்தியாயத்தின் 263ஆம் வசனம் கற்பிக்கிறது. எனவே எறியாமல் கையில் கொடுப்போம். ஸலாம் கூறுவோம்; "வாங்க, போங்க" என்று அழைப்போம். பெருநாள் இரவில் நள்ளிரவு வரை நின்று உழைக்கும் அவருக்கும் வீட்டில் பெருநாள் உண்டு என்பதை நினைப்போம்.

அடுத்த முறை பிள்ளையை முடி திருத்த அழைத்துச் செல்லும்போது, பணத்தை அவன் கையிலேயே கொடுத்து, எழுந்து நின்று இரு கைகளாலும் கொடுக்கச் சொல்லுங்கள். மதரஸாவில் நாம் ஓராண்டில் கற்பிப்பதை அவன் அந்த ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்வான்.

உழைப்பவரின் உரிமையை உணர்ந்து, அதைக் கண்ணியத்தோடு நிறைவேற்றும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.