இரு மடங்கா, நான்கு மடங்கா?

ஓடும் பொருளொன்றின் வேகம் இரட்டித்தால், அதன் இயக்கத்தின் வலிமை எத்தனை மடங்காகும்? இரு மடங்கு என்றனர் ஒரு சாரார். நான்கு மடங்கு என்றனர் மற்றொரு சாரார். ஐரோப்பிய அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய வழக்கு இது. மாணவர்கள் இன்று ஒரே வரியில் எழுதிவிடும் இயக்க ஆற்றலின் சூத்திரத்துக்கு வித்திட்டதும் இவ்வழக்கே.

பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட், 1644-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பொருளின் பருமனை வேகத்தால் பெருக்கி வருவதே இயக்கத்தின் அளவு என்றார். ஜெர்மானியரான லைப்னிட்ஸ் 1686-இல் அதனை மறுத்தார். அவர் காட்டிய கணக்கு எளியது. ஒரு ராத்தல் எடையை நான்கு முழம் உயர்த்தவும், நான்கு ராத்தல் எடையை ஒரு முழம் உயர்த்தவும் வேண்டும் உழைப்பு ஒன்றே. ஆனால், கலிலியோ கண்ட விதிப்படி, நான்கு முழ உயரத்திலிருந்து விழும் பொருள், ஒரு முழத்திலிருந்து விழுவதைக் காட்டிலும் இரு மடங்கு வேகமே பெறும். எடையை வேகத்தால் பெருக்கினால், முன்னதற்கு இரண்டு, பின்னதற்கு நான்கு என வரும். சமமான உழைப்பு சமமற்ற பயனைத் தருமோ? வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினாலோ இரண்டுக்கும் நான்கே விடை! இந்த அளவுக்கு அவர் 'உயிருள்ள விசை' என்று பெயரிட்டார்.

ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிராவசாண்டே, பித்தளைக் குண்டுகளை மென்களிமண்மீது விழச் செய்து சோதித்தார். வேகம் இரட்டித்தபோது களிமண்ணில் விழுந்த குழியின் கொள்ளளவு நான்கு மடங்காயிற்று. நியூட்டனைப் பின்பற்றிய அவர், சோதனையின் தீர்ப்புக்குத் தலைவணங்கி, லைப்னிட்ஸின் பக்கம் சேர்ந்தார்.

இச்சோதனைகளைச் சான்றாகக் கொண்டு வழக்காடியவர் எமிலி து ஷாத்லே என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. அவரது பௌதிக நூல் 1740-இல் வெளிவந்தது. மறு ஆண்டே, பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் செயலாளரான மெரான் அச்சில் அவரை எதிர்த்தார். அவரும் அச்சிலேயே விடையிறுத்தார். பெண்களை உறுப்பினராக ஏற்காத கழகம் அது. நியூட்டனின் பெருநூலைப் பிரெஞ்சில் பெயர்த்தவரும் இவரே. நியூட்டனைப் போற்றிய அவர், நியூட்டன் வழியினரோடு மாறுபட அஞ்சவில்லை. 1749-இல், தமது 42-ஆம் வயதில், மகப்பேற்றுக்குப் பின் சில நாட்களில் அவர் மறைந்தார்.

இறுதியில் வென்றவர் யார்? இரு சாராருமே! ஓடும் வண்டியை ஒரே அளவான விசையால் தடுத்து நிறுத்துகிறோம் என்று கொள்வோம். வேகம் இரட்டித்தால், வண்டி நிற்க இரு மடங்கு நேரம் ஆகும். ஆனால், அந்நேரத்துக்குள் அது கடக்கும் தொலைவோ நான்கு மடங்கு. விசையை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தத்தின் மாற்றம். தொலைவால் பெருக்கினால் கிடைப்பது ஆற்றலின் மாற்றம். இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு.

'பாதி' என்பது சூத்திரத்தில் எங்ஙனம் நுழைந்தது? இயந்திரங்களின் பயனை ஆராய்ந்த கொரியோலிஸ், 1829-இல், விசையைத் தொலைவால் பெருக்கிய அளவுக்கு 'வேலை' என்று பெயர் சூட்டினார். ஓய்விலிருந்து சீரான விசையால் தள்ளப்படும் பொருளின் சராசரி வேகம், இறுதி வேகத்தில் பாதியே. ஆகவே, அது கடக்கும் தொலைவும், இறுதி வேகத்திலேயே ஓடியிருந்தால் கடக்கும் தொலைவில் பாதியாகும். அதனால்தான், செய்த வேலை, நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியதில் பாதிக்குச் சமமாகிறது.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்தைவிட, 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து, அதே தடைவிசையில், நான்கு மடங்கு தொலைவு ஓடியே நிற்கும். நடுவே சாலையைக் கடப்பவருக்கு அந்தச் சூத்திரம் வெறும் ஏட்டுக் கணக்கன்று.